மேசைமேல் ஒரு பித்தளைப் பலகை

ஆலையின் நாட்குறிப்பை இருபத்தாறு வருடமாக எழுதிவந்த குமாஸ்தாவுக்கு ஒரே ஒரு குறை. எந்திரம் நின்றது, கூரை ஒழுகியது, முதலாளிக்கு இருமல் வந்தது என்று ஒன்று விடாமல் எழுதியும் எல்லோரும் அவரைக் ‘குறிப்பு’ என்றே கூப்பிட்டார்கள். பதிவாளர் என்றாலாவது தேவலை. ஆவணக் காப்பாளர் என்றால் கௌரவம். வரலாற்றாசிரியர் என்று யாராவது வாய்தவறிச் சொல்லியிருந்தால்கூட ஆயுசுக்கும் நன்றி மறந்திருக்கமாட்டார்.

இந்த ஆசை மேலாளருக்குத் தெரியும். கிடங்கு தீப்பிடித்ததை விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், ‘வரலாற்றாசிரியர்’ என்று பொறித்த பித்தளைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து குமாஸ்தாவின் மேசையில் வைத்தார்.

“உங்களுக்குத்தான் சார். ஒரே ஒரு பக்கம் மட்டும் இடிக்குது.”

எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். பின்கதவு பூட்டியிருந்தது, சாவி மேலாளரின் சட்டைப்பையில் இருந்தது என்று எழுதிய பக்கம். அந்தக் கதவோடு மல்லுக்கட்டித்தான் குமாஸ்தாவின் சொந்த மச்சினன் இரண்டு கையும் வெந்து வீட்டோடு கிடந்தான். அவனுக்கென்று இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

குமாஸ்தாவுக்கு நெஞ்சு உறுத்தியது. பலகையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். உறுத்தல் அடங்கிவிட்டது. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

மறுநாள் அதிகாரி நாட்குறிப்பைப் புரட்டினார். தீப்பிடித்த நாளைக் காணோம். மேலாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதிகாரி கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சத்தமாகப் படித்தார்.

“மாலை நாலு மணி. மேலாளர் சொன்னபடி தீ விபத்துப் பக்கம் கிழிக்கப்பட்டது. பின்கதவு பூட்டியிருந்தது, சாவி மேலாளரிடம் இருந்தது என்பது அதில் கண்ட விவரம்.”

இருபத்தாறு வருடப் பழக்கம். அன்றன்று நடந்ததை எழுதாமல் அவர் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

மேலாளர் பலகையைக் குப்புறக் கவிழ்த்தார். “அவர் வெறும் குமாஸ்தா சார். பழக்கதோஷத்துல எதையாவது கிறுக்குவார்.”

அதற்குத் தலையை ஆட்டியிருந்தால் குமாஸ்தா தப்பியிருக்கலாம். அவரோ பலகையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“குமாஸ்தா இல்லீங்க. கையெழுத்துக்குக் கீழ போட்டிருக்கேன், பாருங்க.”

அதிகாரி பார்த்தார். பேனாவைத் திறந்து தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார்: குற்றம்சாட்டப்பட்டவர் எண் இரண்டு, வரலாற்றாசிரியர்.

எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று குமாஸ்தா எட்டிப்பார்த்தார்.