பிச்சைமுத்து தேடிய ஓட்டை

1

இந்தக் கதை ஒரு நகைச்சுவைக் கட்டுரையிலிருந்து பிறந்தது. கட்டுரையை எழுதியவன் நான். மூன்று வருடத்துக்கு முன் உள்ளூர் வார இதழில் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடைகளில் சத்தம் போட்டு வாசித்தார்கள் என்று ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் எடுத்துப் படித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது. அதுதான் சிக்கல்.

2

முதல் தொடக்கம்: காவிரிக்கரையின் இளங்காலையில் கருஞ்சேவல் ஒன்று கூவ—

வேண்டாம். சேவல் கூவித் தொடங்கும் கதைகளை நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

இரண்டாவது: தூய இனக் கோழி வளர்ப்போர் பேரவைக்கு உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் நிர்வாகிகள் பதினொருவர். தலைவர் இருதயநாதன், தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்று, திருவெறும்பூரில் வீடு கட்டியவர். முப்பது வருடம் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடித்தவர். கோழிக்கு மட்டும் கண்ணே போதும் என்று நினைத்தார். பார்த்த மாத்திரத்தில் 'நூறு சதவீதத் தூய கருப்பு' என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். கையெழுத்து, முத்திரை, வரிசை எண் எல்லாம் உண்டு.

அப்படி ஒரு சான்றிதழோடு ஒரு சேவலும் பெட்டையும் பிச்சைமுத்துவிடம் போயின. பிச்சைமுத்து பக்கத்துக் கிராமத்து விவசாயி, பேரவை உறுப்பினர், இருதயநாதனுக்குச் சிநேகிதர். முதல் தடவை அடைகாத்ததில் பதினொரு குஞ்சு. எட்டு கருப்பு. மூன்று, வெளுத்த மஞ்சள், வளர்ந்தால் வெள்ளையாகும் குஞ்சுகள்.

3

பேரவை கூடியது.

"வலையில எங்கயோ ஓட்டை இருக்கு. தெருச் சேவல் உள்ள வந்திருக்கு" என்றார் இருதயநாதன்.

"வெளிய விடவே இல்லைங்கண்ணே."

"ஃபேக்டரி கேட்டைத் தாண்டின சரக்குக்கு நாங்க பொறுப்பில்ல பிச்சை. ஒண்ணு உன் வலை பொய் சொல்லுது. இல்ல நீ சொல்லுற."

பிச்சைமுத்துவின் பெயரை நீக்கித் தீர்மானம் போட்டார்கள். "மூணு குஞ்சுக்காக ஒரு மனுசனையா?" என்று கியாசுதீன் என்ற உறுப்பினர் மட்டும் கேட்டார். அவர் நிர்வாகி இல்லை. கேள்வி குறிப்பேட்டில் ஏறவில்லை.

நான் அங்கே பேரவையைக் கிண்டலடிக்கத்தான் போயிருந்தேன். [திருத்தம்: பேரவையை எழுதினால் பதினொரு நிர்வாகிகளும் வீட்டுக்கு வருவார்கள். பிச்சைமுத்து வர மாட்டார்.] ஆகவே அவருடைய பெட்டையைப் பற்றி எழுதினேன். தலைப்பு, 'கற்பிழந்த கோழி'. ஊரில் அவருக்கு 'ஓட்டைக்கூடு' என்று பெயர் நிலைத்தது.

4

இந்த இடத்தில் பிச்சைமுத்து என்ற பாத்திரத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். அவர் நடக்கும்போது—

தெரியாது. அவரை நான் பார்த்ததே அந்தக் கூட்டம் நடந்த நாற்பது நிமிடம்தான். மடியில் கிடந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதையும் கட்டுரையில் சேர்த்திருந்தேன், சிரிப்புக்காக.

போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

5

இந்த மாசியில் இருதயநாதனின் சொந்தக் கூட்டில், இரட்டை வலையும் இரட்டைப் பூட்டும் போட்ட கூட்டில், வெளுத்த மஞ்சளாக ஒரு குஞ்சு பொரிந்தது. அவர் மகள் பிரான்சி, ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள்.

"ரெண்டும் கருப்புதான்ப்பா. ஆனா ரெண்டுகிட்டயும் வெள்ளை ஒளிஞ்சிருக்கு. சேவல்கிட்டேருந்து ஒண்ணு, பெட்டைகிட்டேருந்து ஒண்ணு சேந்தாத்தான் வெளிய தெரியும். நாலுக்கு ஒண்ணு அப்படி வரலாம்."

"அப்ப பிச்சைக்குக் குடுத்த ஜோடி?"

"இதே வம்சம்தானேப்பா. நீங்க குடுத்ததுதான் அது."

(அடிக்குறிப்பு போல: இதற்குப் பாடப்புத்தகத்தில் 'ஒடுங்கு பண்பு' என்று பெயர். பத்தாம் வகுப்பிலேயே பட்டாணிச் செடியோடு வருகிறது. பேரவையின் பதினொரு நிர்வாகிகளும் பத்தாம் வகுப்பு தேறியவர்கள். நானும்.)

இருதயநாதன் எனக்குப் போன் செய்தார். "பிச்சை சம்சாரத்துகிட்ட போய்ச் சொல்லணும் சார். தனியா போகத் தைரியம் வரல. நீங்களும்தானே எழுதினீங்க."

6

அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான். என் மடியில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, அதற்குள் குஞ்சு.

பிச்சைமுத்துவின் மனைவி மயிலம்மாள் வாசலிலேயே இருந்தார். மூன்று கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நல்ல வெள்ளை.

"வாங்கண்ணே. இதுகள அறுக்க விடல அவரு" என்றார். என்னை யாரென்று இருதயநாதன் சொன்னதும், தலையை மட்டும் அசைத்தார்.

கூட்டைப் பார்த்தேன். வலைமேல் வலை, அதன்மேல் இன்னொரு வலை.

"பேப்பர்ல வந்ததுலேருந்து தெனம் காலையில வயலுக்குப் போறதுக்கு முந்தி, வலையோட ஒவ்வொரு கண்ணா விரல விட்டுத் தடவிப் பாப்பாரு. 'எங்கயோ ஓட்டை இருக்கு மயிலு. அண்ணன் எக்ஸ்ரே எடுத்த மனுசன், அவரு சொன்னா தப்பாவா இருக்கும்'பாரு. போன அன்னிக்கும் பாத்துட்டு வந்துதான் உக்காந்தாரு."

இருதயநாதன் பெட்டியைத் திறந்து காட்டினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிதான் வந்தது. "என் கூட்டுலயும் வந்துருச்சும்மா. அது நான் குடுத்த வம்சத்துலயே இருந்திருக்கு."

மயிலம்மாள் குஞ்சைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"அப்ப ஓட்டையே இல்லையாண்ணே?"

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

மயிலம்மாள் மன்னித்துவிடுகிறார். நானே நம்பவில்லை, கிழித்தேன்.

கதவைச் சாத்திக்கொள்கிறார். இது எனக்கு வசதியான முடிவு. தண்டனை கிடைத்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

நான் மறுப்புக் கட்டுரை எழுதுகிறேன், ஊரே வாசித்து—

அந்த வார இதழ் நின்றுபோய் ஒரு வருடமாகிறது.

மயிலம்மாள் கேட்டதற்குப் பதில் ஒரே சொல்தான். இருதயநாதன் அதைச் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் பெட்டிக்குள் குஞ்சைப் பார்த்தேன். அந்தச் சொல் பிச்சைமுத்துவை நிரபராதி ஆக்கும். அவர் விரல்கள் அத்தனை காலைகளிலும் எதைத் தேடின என்பதையும் சொல்லிவிடும்.

என் கதையில் மயிலம்மாள் இன்னும் அங்கேயே நிற்கிறார். இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் பதில் தெரியும். நீங்கள் சொல்லிவிடுங்கள். அன்று டீக்கடையில் என் கட்டுரையை வாசித்தார்களே, அந்தச் சத்தத்தில்.