எங்கும் போகாத ஒயர்

சாயங்காலம் இயக்குநர் வருகிறார். காலையில் என் மெஷின் வேறு குரலில் கத்துகிறது.

மெஷின் என்றால் மாடுலர் சிந்தசைசர். கட்டை வைத்த கீபோர்டு இல்லை. சுவரை அடைத்து நிற்கும் அலமாரி, முகமெல்லாம் திருகுகளும் துளைகளும். எந்தத் துளையை எதோடு ஒயரால் இணைக்கிறேனோ அதற்கேற்பச் சத்தம் பிறக்கும். அம்மா அதை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்பாள். தம்பிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. உலகத்து வாத்தியம் அத்தனையும் லாப்டாப்பில் மென்பொருளாக வைத்திருக்கிறான்.

படங்களுக்கு இருவரும் சேர்ந்துதான் இசை போடுகிறோம். போன வாரம் போனில் ஒரு சத்தம் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் உருகிப்போனார். அதே மனிதர் நேற்று தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாராம். "நான் காட்சிய தினம் மாத்துறவன். அக்கா மெஷின்ல இன்னைக்கு வந்தது நாளைக்கு வரலேன்னா நான் எங்க போய் முட்டிக்கறது? லாப்டாப் போதும். நீங்க மட்டும் பண்ணுங்க." தம்பி மன்றாடி, இன்று ஒருமுறை நேரில் கேட்கச் சம்மதிக்க வைத்திருந்தான். பிடிக்காவிட்டால் இந்தப் படத்தில் நான் இல்லை.

அந்தச் சத்தத்துக்காக ஒரு வாரமாக ஒரு திருகைக்கூட அசைக்காமல் காத்து வந்தேன். இப்போது தகரத்தைக் கிழிப்பதுபோல் வந்தது.

"டேய், இதத் தொட்டியா?"

"உன் மெஷின நான் ஏன் தொடறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தடவித் தடவிப் பார்த்தேன். செருகியிருந்தவை எல்லாம் சரியாகவே இருந்தன. மத்தியானமும் அதே தகரம்தான்.

"விடுக்கா. போன வாரம் நீ வாசிச்சத பதிவு பண்ணி கீபோர்டுல ஏத்திட்டேன். எந்தச் சுரத்துல வேணும்னாலும் வாசிக்கலாம்" என்றான். என் மெஷினிலிருந்து ஒரு ஒயர் எந்நேரமும் அவன் லாப்டாப்புக்குப் போகும். பதிவு செய்யாமல் அவனால் மூச்சுவிட முடியாது. "அதுவும் உன் சத்தம்தானே?"

"என் சத்தத்தோட போட்டோடா அது."

இயக்குநர் வந்தார். காபியைக்கூடத் தொடாமல் திரையைப் போடச் சொன்னார். ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சி. போன வாரம் விறுவிறுவென்று போனவள், இப்போது கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறாள். தம்பி கீபோர்டில் வாசித்தான். அவள் நின்ற இடத்திலும் சத்தம் அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் தலையாட்டி, "நல்லாத்தான் இருக்கு. இதுவே போதும்" என்றார்.

போதுமா? எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் நிற்பது இவர்கள் கண்ணில் படவே இல்லையா என்று தம்பியின் பக்கம் முறைத்தேன். அப்போதுதான் அவன் லாப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பார்த்தேன். என் ஒயர்!

"எங்கடா எடுத்த அத?"

"பழசு போயிடுச்சு. இது உன் மெஷின்ல ஒரு முனை சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. எங்கயுமே போகலயேன்னு..."

அவன் முடிப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். அவன் ஸ்பீக்கர் ஊமையானது. இயக்குநர் திகைத்துப் பார்க்க, ஒரு முனையை என் மெஷினில் செருகிவிட்டு மறுமுனையைத் தொங்கவிட்டேன். தகரம் அடங்கி, அடிவயிற்றிலிருந்து எழும் குரலாக அந்தச் சத்தம் என் ஸ்பீக்கரில் வந்தது.

"அந்த ஒயர் எங்கயுமே போகலயே?" என்றார் இயக்குநர்.

"அதுதான் சார் அதோட வேலை. அந்தத் துளைல எதையாவது செருகுனாத்தான் உள்ள இருக்கற இணைப்பு அறும். அறுந்தாத்தான் இந்தச் சத்தம். காட்சிய முதல்லேர்ந்து போடுங்க."

போட்டார். அவள் கதவை நெருங்க நெருங்கத் திருகை இறுக்கினேன். அவள் நின்றாள், நானும் நின்றேன். சத்தத்தை மெல்லச் சரியவிட்டு, அவள் திரும்பிப் பார்த்த கணத்தில் மறுபடி தூக்கினேன். இதற்குத்தானே இத்தனை வருஷம் இந்த அலமாரியோடு மல்லுக்கட்டினேன்!

இயக்குநர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இன்னொரு தடவ, அச்சு அசலா இதே மாதிரி" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இதே மாதிரி வராது சார். வேற ஒண்ணு வரும். அதுவும் நல்லா இருக்கும்."

"இதே மாதிரி வேணும்னா இந்தா இருக்கு சார், எல்லாம் பதிவாயிடுச்சு" என்று தம்பி குதித்தான். "என் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டறேன், அந்த ஒயர மட்டும் கொஞ்சம்..."

இயக்குநர் நாற்காலியிலிருந்து பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"ஏய் ஏய், அதுல கை வைக்காதீங்க! நாளைக்குக் காட்சிய மாத்திட்டு வருவேன், அக்கா எத வச்சு வாசிப்பாங்க?"