மெமரிக்குக் குளிர் தாங்காது

கணவன் மனைவி சேர்ந்து கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டைக் குளிரவைத்து ஓட்டுவது குடும்பம் நடத்துகிற மாதிரிதான் என்று தைபேயின் ரிப்பேர்க் கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். பி-சியாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. குடும்பத்தில் எவன் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறான்?

ஊற்றுவது அவள் புருஷன் குவோ-தொங். கார்டின் நடுச்சில்லின் மேல் செப்புக் குவளை ஒன்றைத் திருகி வைத்து, பிளாஸ்க்கிலிருந்து புகையப் புகைய அதில் ஊற்றுவான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சில்லைச் சுற்றியிருக்கும் மெமரிச் சில்லுகளின் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றுவாள். வேகம் ஏறினால் சூடு ஏறும், அதற்குத்தான் குளிர். ஆனால் பாழாய்ப்போன மெமரிக்குக் குளிரும் அளவோடுதான் வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் விறைத்துப்போய்த் திரையை இருட்டாக்கிவிடும். அந்த அளவு குவோ-தொங்கின் கைக்குத் தெரியும். வருஷா வருஷம் நடக்கும் கார்டு வேகப் போட்டியில் அந்தக் கையைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

அந்தக் கைதான் இப்போது நடுங்கத் தொடங்கியிருந்தது.

அவன் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? பித்தான் வைத்த சட்டைகளை ஓரங்கட்டிவிட்டுப் பனியனாகப் போட்டுக்கொண்டான். சாப்பிடும் குச்சியை விட்டுக் கரண்டிக்கு மாறினான். "நூடுல்ஸ் அலுத்துப்போச்சு, எனக்குச் சோறே போதும்" என்றான். அலுத்துப்போச்சாம்! மாட்டுக்கறி நூடுல்ஸ் கடையில் வரிசை நகரவில்லை என்று, முதன்முதலாகச் சந்திக்க வந்த அன்றைக்கே அவளை மழையில் காக்கவைத்தவன் அவன்.

அவளும் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. ஒருமுறை அவன் விளையாட்டாகச் சொன்னான்: "ஊத்த முடியலன்னா அந்த மேஜையில எனக்கு என்ன வேலை? வீட்ல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்." கேட்டால் எழுந்து போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம். அவன் இல்லாத மேஜையில் அவளுக்கு மட்டும் என்ன வேலை?

போட்டி நாளும் வந்தது. பனி உருகி ஈரம் இறங்காமலிருக்கக் கார்டு முழுக்க வாசலின் பூசி, சுற்றிலும் காகிதத் துண்டு சுற்றி, மின்பெட்டியின் மேல் பச்சைப் பொட்டலத்தை வைத்தாள் பி-சியா. சோளப்பொரிப் பொட்டலம்தான். ஆனால் அது இல்லாமல் அந்த ஊரில் ஒருவரும் ஒரு மெஷினை நம்ப மாட்டார்கள். சமர்த்தாக இரு என்று மெஷினிடம் சொல்லிவைக்கிற பொட்டலம் அது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் மெஷின் முரண்டு பிடிக்கும்.

கடைசிச் சுற்று. மெமரி அவள் நினைத்ததைவிட நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. குவோ-தொங் பிளாஸ்க்கைச் சாய்த்தான். கை ஒரு வெட்டு வெட்டியது. நைட்ரஜன் குவளையைத் தாண்டி மெமரியின் மேலேயே கொட்டியது. திரை இருண்டது.

"ஐயோ சியா அக்கா, விறைச்சிடுச்சா?" பக்கத்து மேஜையிலிருந்து கத்தினாள் யு-ச்சியே. எதிராளிதான், ஆனால் பாசக்காரி.

குவோ-தொங் பிளாஸ்க்கை வைத்துவிட்டுக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"பொட்டலம்தான் காரணம்," என்றான். "தேதி போயிருக்கும். நீ பாத்து வாங்கியிருக்க மாட்ட."

பி-சியா பொட்டலத்தை எடுத்துத் திருப்பினாள். காலையில் அவளே கடையில் பார்த்துப் பார்த்து எடுத்தது. அடுத்த வருஷம் வரை தாங்கும். ஊருக்கெல்லாம் தேதி பார்க்கச் சொல்லிப் பாடம் எடுக்கிறவன், இன்றைக்கு ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல் பழியைப் போடுகிறான். பாவி மனுஷன், பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே!

"தேதி நல்லாத்தான் இருக்கு, ஆ-தொங். கை எப்பலேருந்து இப்படி?"

அவன் பொட்டலத்தைப் பார்த்தே பதில் சொன்னான்.

"மழைக்காலத்துலேருந்து."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"உயிருக்கு ஒண்ணுமில்லையாம். ஆனா நடுக்கம் நிக்காதாம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா பிளாஸ்க்கைப் பிடுங்கிடுவ."

"பிடுங்கத்தான் போறேன்." பிடுங்கியும்விட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் பார்த்தான். அவள் அவன் பனியனைப் பிடித்து இழுத்து, மேஜையில் கிடந்த ஹேர் டிரையரை அவன் கையில் திணித்தாள்.

"எங்க போற? மெமரிக்குச் சூடு காட்டு."

"நானா? கை ஆடுதுடி!"

"ஆடணும்! போன வருஷம் இதை நான் பிடிச்சப்ப என்ன ஆச்சு? மரக்கட்டை மாதிரி ஒரே எடத்துல காட்டி, வாசலின் உருகி ஓடி, கார்டே போச்சு. நீதானே திட்டின, அங்கயும் இங்கயும் ஆட்டுடின்னு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. டிரையரை நீட்டினான். கை தன் பாட்டுக்கு நடுங்க, வெதுவெதுப்பான காற்று எந்தச் சில்லிலும் தங்காமல், எதையும் விட்டுவிடாமல் மெமரியின் மேலெல்லாம் பரவியது. பனி கரைந்தது. திரை ஒளிர்ந்தது.

அவன் டிரையரை நிறுத்தவில்லை. அவள் ஒரு கையால் ஊற்றி, மறு கையால் வேகத்தை ஏற்றினாள். நடுச்சில் உறைய உறைய, மெமரி மட்டும் அவன் கையடியில் கதகதப்பாக ஓடியது.

"தொங் அண்ணே, அது என்ன டெக்னிக்கு? எனக்கும் சொல்லிக்குடுங்க!" என்றாள் யு-ச்சியே.

"அதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது, போம்மா!" என்றான் குவோ-தொங்.

மூன்றாம் இடம்தான் கிடைத்தது. முதல் இடம் யு-ச்சியேவுக்கு. போகட்டும், நல்ல பெண்.

திரும்பும் வழியில் நூடுல்ஸ் கடை வந்ததும் பி-சியா கேட்காமலே உள்ளே நுழைந்து இரண்டு கிண்ணம் சொன்னாள். அவன் கரண்டியைத் தேடினான். அவள் குச்சியை நீட்டினாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். குச்சி ஆடியது, நூடுல்ஸ் வழுக்கியது, சாறு அவள் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

"ஐயோ, சட்டை..."

"சாப்பிடு," என்றாள் பி-சியா. துடைத்துக்கொள்ளவில்லை.