ராணியின் கோயில்

ஆவடி குவார்ட்டர்ஸ் ஆர்.சி. கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் ஒரே நாடகம்தான். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து, ராணி பிராட்டஸ்டண்ட். அவளுடைய கோயிலுக்குப் போக மறுத்து ஜெயிலில் சாகும் கத்தோலிக்கக் கிழவனாகச் சவரிமுத்து நடிப்பார். “ஒரே ஒரு தரம் போய் வாருங்கள் அப்பா, விட்டுவிடுவார்கள்” என்று மகள் வேஷம் போட்டவள் காலில் விழுவாள். “மகளே, உயிர் போனாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்!” என்று அவர் முழங்கினால் கைத்தட்டலில் பந்தலே அதிரும்.

அதை மேடையோடு விட்டிருக்கலாம். சொந்த மகள் செலின், பிராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த பையன் எபநேசரைக் கட்டிக்கொண்டபோதும் மனுஷன் அந்த வாசலை மிதிக்கவில்லை. இங்கே எந்த ராணி அவர் கழுத்தில் கத்தி வைத்தாள்? குவார்ட்டர்ஸே அவருடைய வைராக்கியத்தை மெச்சியது. மகளோடு ஏழு வருஷம் பேச்சே இல்லை.

தொண்ணூற்றொன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், செலின் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அவளைக் கிடத்தியிருந்த சி.எஸ்.ஐ. கோயிலுக்குள் சவரிமுத்து முதல்முறையாக நுழைந்தார். பழக்கதோஷத்தில் வலது கை, தங்கள் கோயிலில் போல விரல் நனைத்துச் சிலுவை போட, வாசலோரம் தீர்த்தத் தொட்டியைத் தேடியது. வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது.

எபநேசர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“செலின் வருஷா வருஷம் உங்க நாடகத்துக்கு வந்துரும் மாமா. பந்தலுக்குப் பின்னால நின்னுகினு பாக்கும்.”

“என்னைச் சபிக்கவா?”

“இல்ல மாமா. அதுல ஒரு எடத்துல ‘மகளே’ன்னு கூப்புடுவீங்களே. அத்தக் கேக்கத்தான்.”