சூ மாஸ்டர் ஏலம் எடுத்த கதை

சூ மாவ்ஷெங்கை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதில் மாஸ்டர் என்று யாரும் கேட்டதில்லை. நான்கெழுத்து டொமைன்களுக்கு, அதாவது இணையதளப் பெயர்களுக்கு, ஷியாமென் நகரமே பைத்தியமாக அலைந்த காலம் அது. தேயிலை விற்றவன், தரை ஓடு விற்றவன், ஒன்றுமே விற்காதவன் எல்லாரும் டொமைன் வியாபாரி ஆகியிருந்தார்கள். எங்கள் பாஷையில் டொமைனும் மக்காச்சோளமும் காதுக்கு ஒன்றுபோல விழும். அதனால் எங்களுக்குச் சோள விவசாயிகள் என்று பெயர். உண்மையான விவசாயி கேட்டால் காறித் துப்புவான். நாங்கள் எதையும் விதைத்ததில்லை. எவன் தன் டொமைனைப் புதுப்பிக்க மறக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் தொழில்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பெயர் ஃபாங். சனிக்கிழமைகளில் ஹோட்டல் ஹாலில் சூ வகுப்பு எடுப்பான். ஹால் ஏற்பாடும் தேநீரும் என் பொறுப்பு. வாய் அவனுடையது.

"டொமைன் காலாவதியான உடனே நம்ம கைக்கு வராது," என்று ஆரம்பிப்பான். "சொந்தக்காரனுக்கு ஒரு மாசம் போல டைம் குடுப்பாங்க. அப்பவும் கட்டலைன்னா, இன்னும் ஒரு மாசத்துக்கு அபராதம் கட்டி மீட்டுக்கலாம். அதையும் விட்டான்னா அஞ்சு நாள் யாருமே தொட முடியாது. அப்புறம் பொத்துன்னு கீழ விழும். யார் முதல்ல புடிக்கிறானோ அவனுக்கு."

"நாமளே உக்காந்து பட்டனை அமுக்கினா கிடைக்காதா மாஸ்டர்?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு சிப்பி வியாபாரி அம்மா.

"உங்க விரல் கீழ வர்றதுக்குள்ள கம்பெனிக்காரன் மெஷின் நூறு தடவை கதவைத் தட்டியிருக்கும் அக்கா. ஒரு கம்பெனி இவ்வளவு தடவைதான் தட்டலாம்னு கணக்கு இருக்கு. அதனால பெரிய ஆளுங்க வேற வேற போர்டு மாட்டி நூறு கம்பெனி வச்சிருக்காங்க. நாம அவங்ககிட்ட முன்கூட்டியே புக் பண்ணணும். புடிச்சுக் குடுத்தா காசு, இல்லன்னா இல்ல. ஒரே டொமைனை ஒரே கம்பெனியில ரெண்டு பேர் புக் பண்ணியிருந்தா, அவங்களுக்குள்ள ஏலம்."

இதெல்லாம் சரியாகத்தான் சொல்வான். சொல்லித் தருகிறவன் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

ஒரு நாள் கான் தியன்சி என்ற டாக்சி டிரைவர் எங்களைத் தேடி வந்தார். முகம் ஊதியிருந்தது. இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. சுவான்சோவில் வெய் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தாராம். அவருக்கும் சிறுநீரக நோய். தன்னைப் போன்றவர்களுக்காக இணையத்தில் ஒரு தளம் தொடங்கிப் பல வருடமாக நடத்தியிருக்கிறார். அவர் இறந்துவிட்டார். பணம் கட்டச் சொல்லி வந்த ஓலைகளெல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்த் திறப்பாரில்லாமல் கிடந்திருக்கின்றன.

"வீட்டுக்காரம்மாவுக்கு பாஸ்வேர்டு தெரியல மாஸ்டர். தளம் திடீர்னு நின்னு போச்சு. உங்களுக்கு இதுல வழி தெரியும்னு சொன்னாங்க."

"எத்தனை பேர் வருவாங்க அதுக்கு?" என்றான் சூ.

"தினம் ஆயிரக்கணக்குல வருவாங்க. எந்த ஆஸ்பத்திரியில மெஷின் காலியா இருக்கு, என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணி குடிக்கலாம்... புதுசா வர்றவன் ராத்திரி முழுக்க அழுவான். அவனுக்கு நாலு பேர் பதில் எழுதுவாங்க."

ஆயிரக்கணக்கு என்ற சொல்லுக்கு அப்பால் சூவின் காதில் எதுவும் ஏறவில்லை. கணினியில் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, மனசைத் தேத்திக்கோங்க. யாரும் தொட முடியாத அஞ்சு நாள்ல போய் மாட்டிக்கிச்சு. இனி வானத்துலேர்ந்து ஜேட் சக்கரவர்த்தியே இறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கான் இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். அவர் லிஃப்டுக்குள் போயிருக்கக்கூட மாட்டார், அதற்குள் இவன் அதே டொமைனைப் புக் பண்ணிக்கொண்டிருந்தான்.

"நோயாளிங்கடா," என்றேன்.

"அதான் நல்ல கஸ்டமர். சாகுற வரைக்கும் நம்மள விட்டுட்டுப் போக மாட்டான்."

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு அந்த ஆள் சோறு தின்றான். எனக்கு ஆச்சரியம் அதுதான்.

தன் பெயரில் ஒரு கம்பெனியில் புக் பண்ணியவன், எது பிடித்தாலும் தன் கைக்கே வரட்டும் என்று இன்னொரு கம்பெனியில் மனைவி பியிங் பெயரில் பண்ணச் சொன்னான். பியிங்தான் வகுப்புக்கு வருகிறவர்களிடம் பெயர் எழுதிக்கொள்கிறவள். அந்த இன்னொரு கம்பெனி அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கையில் பிடித்த படம் என்று கேட்டிருக்கிறது. அவளுக்கு எரிச்சல் வந்து, ஏற்கனவே தன் பெயரில் கணக்கு இருந்த முதல் கம்பெனியிலேயே புக் பண்ணிவிட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பான்.

அந்த முதல் கம்பெனியே டொமைனைப் பிடித்தது. புக் பண்ணியவர்கள் மூன்று பேர் என்று ஏலம் வந்தது. மூன்றாவது ஆள் கான் என்று பிறகு தெரிந்தது. இன்னும் வழி இருக்கிறது என்று, தன்னோடு டயாலிசிஸுக்கு வருகிற யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏலத்தில் யார் பெயரும் தெரியாது. ஆளுக்கு ஒரு எண் மட்டும்தான்.

ஏலம் முடியும் நேரம் சனிக்கிழமை வகுப்பில் வந்து விழுந்தது. சூவுக்கு வாயெல்லாம் பல். பெரிய திரையில் போட்டுக் காட்டினான்.

"இன்னிக்கு நேரடிப் பாடம். கடைசி நேரத்துல யாராவது விலை ஏத்தினா இன்னும் அஞ்சு நிமிஷம் நீளும். பதறக்கூடாது. எதிராளியோட மனசைப் படிக்கணும்."

மூன்று எண்களில் ஒன்று சீக்கிரமே நின்றுவிட்டது. "ஓடிட்டான் பார்த்தீங்களா!" என்று சிரித்தான். எதிரே மிச்சமிருந்தது ஒரே எண். இவன் ஏற்றினான், அதுவும் ஏற்றியது. மறுபடி ஏற்றினான். அது அசரவில்லை.

"இது யாருன்னு நினைக்கிறீங்க? மூளைன்னு ஒண்ணு இல்லாத ஆளு. டொமைனோட மதிப்பே தெரியாம, வீம்புக்கு அமுக்குறான். இவனை மாதிரி முட்டாளுங்கதான் நம்ம தொழிலைக் கெடுக்குறது."

நான் தேநீர் மேஜைப் பக்கம் திரும்பினேன். பியிங் பெயர்ப்பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மேடையில் இவன் அமுக்கினான். அவள் புருவம் சுருங்கியது, நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் தட்டினாள். திரையில் விலை ஏறியது. அடுத்த தடவையும் அப்படியே.

மேடை ஏறி அவன் காதருகே போனேன். "மாவ்ஷெங், ஒரு நிமிஷம் நிறுத்து. பின்னாடி பாரு."

மைக்கைக் கையால் மூடினான். "கிளாஸ் நடக்குறப்ப மேடையில ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது? உனக்கு நெஞ்சு நடுங்கினா வெளிய போய் டீ குடி, போ."

போனேன். வெளியே அல்ல, பின்வரிசைக்கு. பியிங்கிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. நல்ல தியகுவான்யின் தேநீராக ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, கடலை மிட்டாயோடு சாவகாசமாக உட்கார்ந்தேன். விலை ஒரு நல்ல காரின் விலையைத் தாண்டியபோது மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சூவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் நூறு பேர் முன்னால் பின்வாங்குவானா?

கடைசியில் எதிர் எண் நின்றது. நேரம் ஓடி முடிந்தது. கை தட்டினார்கள். சூ இரண்டு கையையும் தூக்கினான்.

பியிங் பின்னாலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"என்னங்க, விட்டுட்டேங்க! என் கணக்குல இதுக்கு மேல ஏத்த விடமாட்டேங்குது. என்ன விலைன்னாலும் விடாதேன்னு சொன்னீங்களே... எவனோ ஒரு கிறுக்கன் ஏத்திக்கிட்டே போனான்!"

மைக் திறந்தே இருந்தது.

அந்தச் சிப்பி அக்கா முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்புறம் ஹாலே சிரித்தது. பியிங் திரையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அப்போ, மூளை இல்லாத முட்டாள்னு இவ்வளவு நேரம் என்னையா சொன்னீங்க?"

சூ வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பைச் சீக்கிரம் முடித்தான்.

ஏலப் பணம் கட்டாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள், அதிலிருக்கும் எல்லா டொமைன்களும் மாட்டிக்கொள்ளும். அதனால் உருப்படியான பெயர்கள் சிலவற்றை விற்றுக் கட்டினான். கட்டியதும் முதல் வேலையாகக் கானுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, உங்களுக்காகத்தான் கஷ்டப்பட்டு எடுத்து வச்சிருக்கேன். விலை பேசிக்கலாம்."

போனின் ஒலி பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. கான் அவசரப்படாமல் பேசினார். "வேணாம் மாஸ்டர். நாங்க ஆளுக்குக் கொஞ்சமா போட்டதுதான், அதுக்கு மேல ஏறினதும் விட்டுட்டோம். வெய் சார் மக பழைய பக்கமெல்லாம் எடுத்து வச்சிருந்துச்சு. வேற பேர்ல தளம் ஆரம்பிச்சாச்சு. டயாலிசிஸ் ரூம் சுவத்துல எல்லாம் புது அட்ரஸ் ஒட்டியாச்சு. எல்லாரும் வந்துட்டாங்க."

"பழைய பேருக்கு ஒரு மரியாதை இருக்கில்ல?"

"மரியாதை வெய் சாருக்குதான். பேரை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு ஊசி போட நேரமாச்சு." வைத்துவிட்டார்.

சூ அந்தப் பெயரில் சிறுநீரகத்தைக் குணப்படுத்தும் மூலிகைப் பொடி விளம்பரம் போட்டான். பழைய பழக்கத்தில் அங்கே வந்த நோயாளிகள் சிலர் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தார்கள். தளத்தை மூடினார்கள். இப்போது அந்தப் பெயரைத் தட்டினால் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

அதற்கும் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கிறான். போன மாதம் சாச்சா மசாலா நூடுல்ஸ் கடையில் வைத்துக் கேட்டேன். "விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான், மாணவனைப் பார்ப்பதுபோல.

"விட்டா வேற எவனாவது புடிச்சிருவான்டா," என்றான்.