குறையே இல்லாத செயலி

நாலு பேர் கைபட்ட எந்தப் பொருளிலும் ஒரு குறையாவது கண்ணில் படும். ஆனால் ரோகிணி எழுதிய ‘சுமை’ செயலிக்கு மட்டும் ஒன்றரை வருஷமாக ஒரு குறைகூட வரவில்லை. ‘குறை சொல்ல’ என்று சிவப்பில் ஒரு பொத்தானைக் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்திருந்தாள். அதை அழுத்தியவர் ஒரே ஒருவர். அவரும் ‘நல்லாருக்குங்க, நன்றி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

மேல்மலை ஊர்களிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரிகளில் இடம் பிடிப்பதற்கான செயலி அது. எந்த லாரியில் எத்தனை மூட்டைக்கு இடம் இருக்கிறது என்று பார்த்து, போனிலேயே பதிந்துகொள்ளலாம். காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதன் நிரலும் ஊருக்கே திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். ரோகிணி பெருமாள்மலையில் வாடகை வீட்டில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே, மிச்சப் பொழுதையெல்லாம் இதில் கொட்டினாள். கோழிக்கோட்டில் ஒருவரும் ஜெர்மனியில் ஒருவரும் கூடச் சேர்ந்திருந்தார்கள். நேரில் பார்த்திராத சிநேகிதர்கள்.

குறைதான் வரவில்லையே தவிர, ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். மேல்மலையின் கிளாவரை ஊரில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள். “யாருக்கும் வேண்டாததை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? இந்த மாதத்தோடு மூடிவிடலாம்” என்றார்கள் கூட்டாளிகள். மூடினால்கூட ரோகிணி மனதைத் தேற்றிக்கொள்வாள். ஏன் என்றே தெரியாமல் மூடுவதைத்தான் அவளால் தாங்க முடியாது. சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, கொடைக்கானல் போய்க் கிளாவரை பஸ்ஸைப் பிடித்தாள்.

லெட்சுமி வீட்டு வாசலில் பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தாள். செயலியை அந்த ஊரில் முதலில் போனில் ஏற்றியவள் அவள்தான்.

“வாங்க மேடம், டீத்தண்ணி குடிக்கிறீகளா?”

“வேண்டாங்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஆப் எப்படிக்கா இருக்கு?”

“அருமையா இருக்குங்க மேடம். ஒரு கொறையும் இல்ல.”

“அப்புறம் ஏன்க்கா போடுறதில்ல?”

“சோலி ஜாஸ்திங்க” என்றாள் லெட்சுமி, பூண்டைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்து வீட்டுச் சோலைமலையிடம் ரோகிணி கேட்டாள். “பிரமாதம்ங்க” என்றார். சொன்ன வாய் மூடவில்லை, போனை எடுத்து, “அண்ணே, நாளைக்கு நமக்கு நாலு மூட்டைக்கு எடம் போட்டு வைங்க” என்று லாரி டிரைவரிடம் பேசினார். ரோகிணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிரமாதமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு ஊரைச் சுற்றிப் போகிறார்கள்? தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே பாட்டுத்தான். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. ஒருத்தர் வாயிலும் உண்மை இல்லை.

பஸ்ஸுக்கு நேரமானது. வழக்கம்போல லெட்சுமி ஒரு பை நிறையப் பூண்டோடு வந்தாள். வழக்கம்போல ரோகிணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, வேண்டாங்க்கா. இது ஃப்ரீ. உங்ககிட்ட எதுவும் வாங்க மாட்டோம்.”

லெட்சுமியின் முகம் சுண்டிப்போனது. போன இரண்டு தடவையும் இப்படித்தான் சுண்டியது. அப்போதெல்லாம் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறியவள், இன்றைக்கு ஏறவில்லை.

“வேண்டாம்னு சொன்னா ஏன்க்கா வருத்தப்படுறீங்க?”

பக்கத்து வாசலில் நின்ற சோலைமலைதான் வாயைத் திறந்தார். “அவ என்னத்தச் சொல்லுவா? ஒரு வா டீத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கிறீங்க. எல்லாம் சும்மா குடுக்கிறீங்க. தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமாங்க? நாக்கு அழுகிராது?”

‘இலவசம், இலவசம்’ என்று வாசலுக்கு வாசல் பெருமையாகச் சொல்லி, இத்தனை பேர் வாயையும் ரோகிணியே அடைத்து வைத்திருந்தாள். அவமானமாகத்தான் இருந்தது. கையை நீட்டிப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வாங்கிட்டேன்க்கா. இப்பச் சொல்லுங்க.”

லெட்சுமி பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “ஏத்தா, இப்பிடி ஒக்காரு” என்றாள். ‘மேடம்’ என்ற அழைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பஸ்ஸும் போய்விட்டது.

“மாசி மாசம் சோலைமல அண்ணன் மாமியா எறந்துட்டாக. இவுக பீன்ஸு பறிச்சுக் கெடக்கு. எழவு வீட்டுக்குத்தான் மொதல்ல எடம் விடணும், அது எங்க வழக்கம். எனக்கு லாரியில எடம் இருந்துச்சு. அவுகளுக்கு விட்டுக்குடுப்பம்னு ரத்துன்னு அமுக்குனேன். ஒன் ஆப் என்ன பண்ணுச்சு? வரிசையில அடுத்து நின்ன மன்னவனூர்க்காரவுகளுக்குக் குடுத்துருச்சு! அண்ணன் பீன்ஸு அம்புட்டும் அழுகிப்போச்சு. நான் அவுக மொகத்துல எப்பிடி முழிக்கிறது?”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. முந்தியவருக்கு இடம், பாரபட்சமே கிடையாது என்று ரோகிணி பெருமையோடு எழுதிய நிரல் வரிகள் அவை. தான் வரிசை போட்டுக் கொடுத்தபோது, அவர்கள் விட்டுக்கொடுக்க வழியில்லாமல் நின்றிருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

அதற்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. எழுத்துப் பொடிசாக இருக்கிறது என்றார் ஒருவர். சிக்னல் போனால் சுற்றிக்கொண்டே கிடக்கிறது என்றார் இன்னொருவர். “மூட்டை மூட்டைன்னு போட்டுருக்கியே தாயி, கேரட்டு மூட்டையும் பூண்டு மூட்டையும் ஒண்ணா?” என்று ஒரு பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். ரோகிணி டீத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் போனில் பதிந்தாள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவில் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. சாயங்காலம் கேரட் லாரியின் முன்சீட்டில் ஏறி ஊர் திரும்பினாள்.

அன்று இரவு அவள் போனில் பேசிய பேச்சில் கூட்டாளிகள் மூடுகிற யோசனையையே விட்டுவிட்டார்கள். ‘இடத்தை இன்னாருக்குக் கொடு’ என்று ஒரு பொத்தான் முளைத்தது. குறை சொல்வதற்கும் புது வழி பிறந்தது. பெருமாள்மலையில் லாரி நிற்கும் ஆரோக்கியதாஸின் டீக்கடையில் டிரைவர், குறை இருப்பவர் கொடுத்தனுப்பிய ஏதாவது ஒரு காயை இறக்கி, யார் வீட்டுடையது என்று சொல்லிவிட்டுப் போவார். ரோகிணி அவர்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கிக்கொள்வாள். ஜெர்மனிக்காரர் இதை மூன்று தடவை விளக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒருநாள் ஆரோக்கியதாஸ் கூப்பிட்டார். “மேடம், கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. கேரட். சோலைமலை அண்ணன் வீட்டுது.”

ரோகிணி உடனே போன் போட்டாள். “என்னண்ணே குறை?”

“ஒரு கொறையும் இல்ல ஆத்தா.”

பழைய பாட்டு திரும்பிவிட்டதா? “அப்ப எதுக்குண்ணே கேரட்டு?”

“இன்னைக்கு இல்ல. நாளப்பின்ன ஏதாச்சும் வரும்ல? அதுக்கு இப்பவே குடுத்து வைக்கிறேன்.”