முத்திரை சொல்லாதது

கோர்ட் வாசலில் இருக்கும் பூந்தொட்டி மண்ணுக்குள் என் பேனாக்கத்தியைச் செருகினேன். கத்தியோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். வண்டி வரைக்கும் திரும்பி நடக்க அலுத்துக்கொள்ளும் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்வதுதான். மண்ணுக்குள் ஏற்கெனவே கிடந்த யாருடையதோ ஒரு கத்தி என் விரலில் தட்டியது.

"செடிக்கு உரம் வச்சியா, வேட்?" என்றான் வாசலில் சோதனை போடும் காவலன் ராய்ஸ். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். "அந்தத் தொட்டில பாதி மண்ணு, பாதி கத்தி. ஒரு நாள் கத்தியே பூக்கப் போவுது, பாரு."

நான் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டேன்.

"என்னடா, மூஞ்சியே சரியில்லை?"

"ஷெல்பி வந்திருக்கா."

அவன் உடனே பெல்ட்டை என் கையில் கொடுத்து வழிவிட்டான்.

ஷெல்பி என் மகள் ஐவியின் அம்மா. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஐவியை என்னிடம் விட்டுவிட்டு மேற்கே, ஓரிகன் மாநிலத்துப் பக்கம் போனவள். நான் கோர்ட்டுக்கு வந்த அன்று மதியம், தானியக் கிடங்கில் லாரியில் சோளம் ஏற்றிக்கொண்டிருந்தபோது பள்ளி அலுவலகத்திலிருந்து மிஸஸ் பெக் கூப்பிட்டாள்.

"வேட், ஷெல்பி ஃபோன் பண்ணா. ஸ்கூல் விடறப்ப வந்து ஐவியைக் கூட்டிட்டுப் போறாளாம். கோர்ட் முத்திரை போட்ட பேப்பர் கையில இருக்காம்."

"ஐவி என் பொறுப்புலதான் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமே. பேப்பர் கொடுத்திருக்கேனே."

"நீ கொடுத்தது வெறும் ஜெராக்ஸ். ஊர்ல இருந்த ரெண்டு ஸ்கூலையும் ஒண்ணா சேர்த்தப்ப அதுவும் எங்கயோ போயிடுச்சு. அவ முத்திரையோட வந்து நின்னா நான் என்னப்பா பண்றது? நீயும் முத்திரையோட வா."

"ஓரிகனுக்குக் கொண்டுபோயிட்டா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது முத்திரை."

மாடியில் குடும்ப வழக்குகளின் பதிவு அலுவலகத்தில் லவர்ன் குசேரா மட்டும் இருந்தாள். என் அம்மாவோடு தேவாலயப் பாடல் குழுவில் பாடியவள். இடுப்பு வலிக்காக நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ வந்து மறைந்தது.

"சொல்லு, கண்ணு."

"ஐவி விஷயமா கோர்ட் கொடுத்த பேப்பர். முத்திரையோட வேணும். சீக்கிரம்."

"எந்தப் பேப்பர்?"

"அதான், ஐவி பேப்பர்."

"அந்தக் கட்டுல முப்பது நாப்பது பேப்பர் இருக்கு. நீ எதைக் கேக்கறியோ அதைத்தான் நான் கொடுக்க முடியும். எதைக் கேக்கணும்னு நான் சொல்லக் கூடாது. சொன்னா அது சட்ட ஆலோசனை. வேலை போயிடும்." ஜன்னலோரம் இருந்த கணினியைக் காட்டினாள். "உன் பேரைப் போட்டுப் பாரு. எல்லாம் வரிசையா வரும்."

ஸ்லாவிக் என்று எங்கள் குடும்பப் பெயரை அடித்தேன். என் அப்பாவின் நில வழக்கும், தம்பியின் வேக அபராதமும், அதற்குக் கீழே நானும் ஷெல்பியும் வந்தோம். ஒரு குடும்பத்தின் கெட்ட நாட்கள் அத்தனையும் தேதி போட்டு அடுக்கியிருந்தன. எங்கள் வழக்கைத் திறந்தேன். பிரிந்த முதல் மாதத்தில் ஓர் இடைக்கால உத்தரவு: குழந்தை தாயிடம். ஒரு வருடம் கழித்து இறுதி உத்தரவு: குழந்தை தந்தையிடம். அந்த விசாரணைக்கு ஷெல்பி வரவில்லை. அவள் ஊரிலேயே இல்லை.

பட்டியலின் கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. இடைக்கால உத்தரவின் சான்றிட்ட நகல் வழங்கப்பட்டது.

லவர்ன் பக்கம் திரும்பினேன்.

"இன்னைக்குக் காலையில வந்தாளா?"

லவர்ன் மேஜையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினாள்.

"அது செத்துப்போன உத்தரவு. அதுக்கு எப்படி முத்திரை போட்டுக் கொடுத்தீங்க?"

"கத்தாத."

"நான் கத்தலை. கேக்கறேன்."

"அவ தேதி சொல்லிக் கேட்டா. கொடுத்தேன். என் கட்டுல இருக்கற பேப்பரும் இந்த நகலும் ஒண்ணுதான்னு முத்திரை சொல்லும். அவ்வளவுதான். அந்த உத்தரவுக்கு இன்னும் உயிர் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது." குரலைத் தாழ்த்தினாள். "கொடுத்ததிலேருந்து எனக்கும் சாப்பாடு இறங்கலை. ஆனா எதிர்த்தரப்புக்கு ஃபோன் போட்டுச் சொல்ற வேலை என்னோடது இல்லை, வேட்."

பிறகு இருவரும் பேசவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேனாவை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். எனக்குத் தேவையான வார்த்தை அவளிடம் இருந்தது. அதை அவளால் எனக்குத் தர முடியாது. நானாகவே கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். அந்த மௌனத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். ஷெல்பியும் நானும் ஒரே வீட்டில் இருந்த கடைசி மாதங்களும் இப்படித்தான் இருந்தன. இருவரிடமும் ஒரு வார்த்தை இருந்தது. மற்றவர் கேட்கட்டும் என்று இருவருமே காத்திருந்தோம்.

நான் ஒரு முத்திரை வாங்கினாலும் ஷெல்பியிடமும் ஒரு முத்திரை இருக்கும். மிஸஸ் பெக்குக்கு இரண்டும் ஒன்றுதான். எது பிந்தியது, எது எதை ரத்து செய்தது என்று காட்டுவது எது?

"இறுதி உத்தரவு வேணும்" என்றேன். "அப்புறம் இந்தத் திரையில இருக்கற பட்டியல். முழுசா. அதுக்கும் முத்திரை போட்டு."

லவர்ன் மூச்சை விட்டாள். தலையணைகளைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உத்தரவுல முதல் பக்கம் மட்டும் போதும். நேரமில்லை" என்றேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டி வைத்திருப்பது அந்தப் பக்கம்தான். அதில்தான் என் பெயர் இருக்கிறது.

"ஒரு பக்கத்துக்கெல்லாம் முத்திரை கிடையாது. எடுத்தா முழுசு. இல்லைன்னா ஒண்ணும் இல்லை."

இரும்புக் கதவு போட்ட அறைக்குள் காலை இழுத்து இழுத்துப் போனாள். அவள் உள்ளே கட்டுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு முறை நின்றது. பிறகு மறுபடி கேட்டது. ஐவி இப்போது கணக்கு வகுப்பில் இருப்பாள். யோசிக்கும்போது சட்டைக் காலரைக் கடிப்பாள். எல்லாச் சட்டையும் கழுத்தில் நைந்திருக்கும். ஓரிகனில் இதை யார் கவனிப்பார்கள் என்று தோன்றியது. உடனே, ஷெல்பிக்கும் அதே பழக்கம் உண்டு என்பதும் நினைவுக்கு வந்தது.

லவர்ன் நகலெடுத்து, கடைசிப் பக்கத்தை முத்திரை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியை உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். பட்டியலுக்கும் அப்படியே.

"ஓடு, கண்ணு. மாடிப்படியில விழுந்து தொலைக்காத."

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். நிலக்கரி ரயில். எங்கள் ஊரில் அது வந்துவிட்டால் கல்யாணமும் நிற்கும், ஆம்புலன்ஸும் நிற்கும். பெட்டி பெட்டியாகக் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங்கைக் குத்தினேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் உத்தரவைப் பிரித்துப் படித்தேன். ஜெயித்துவிட்டாய் என்று வக்கீல் சொன்ன நாளில் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

நான்காம் பக்கத்தில் இருந்தது. மாதத்தின் முதல், மூன்றாம் வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விடும் நேரத்திலிருந்து ஞாயிறு மாலை வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். ஞாயிறு மாலை ஷெரிஃப் அலுவலக வாசலில் தந்தையிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

அன்று மூன்றாம் வெள்ளி.

முத்திரை கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. மூலையில் ஒரே ஒரு பின். மிஸஸ் பெக் பக்கங்களை எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. என் கட்டைவிரல் நகம் அந்தப் பின்னுக்கு அடியில் போய் நின்றது. கத்தி இருந்திருந்தால் ஒரு நெம்பில் வந்திருக்கும். கத்தி பூந்தொட்டியில் இருந்தது.

நகத்தால் பின்னின் ஒரு முனையைக் கிளப்பிவிட்டேன். ரயில் போய்க்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், ஷெல்பி கையில் இருக்கும் பேப்பரும் என் கையில் இருக்கும் பேப்பரும் ஒரே சாதிதான். இரண்டிலும் உண்மையான முத்திரை, இரண்டும் பொய். கடைசிப் பெட்டி போய், கேட் மேலே எழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பின்னை விரலால் திரும்ப அழுத்தினேன்.

பள்ளி அலுவலகத்தில் ஷெல்பி நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மிஸஸ் பெக் அவள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டான் துரை" என்றாள் ஷெல்பி.

நான் உத்தரவையும் பட்டியலையும் மேஜைமேல் வைத்தேன்.

"இவ பேப்பர்லயும் முத்திரை, உன் பேப்பர்லயும் முத்திரை இருக்கே!" என்றாள் மிஸஸ் பெக், ஏமாற்றப்பட்டவள்போல.

"பட்டியலைப் பாருங்க. அவளோடது முதல்ல வந்தது. என்னோடது பின்னால வந்து அதை ரத்து பண்ணினது."

மிஸஸ் பெக் கண்ணாடியை இறக்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு ஷெல்பியின் பேப்பரை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலை" என்றாள் ஷெல்பி.

"நீ எங்க இருந்தேன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப அவளை நான் பாக்கவே முடியாதா? அப்படித்தான் எழுதி வாங்கினியா?"

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தாழ்வாரத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்தார்கள். நான் சும்மா இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். நான்காம் பக்கத்தைப் பற்றி அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது அவள் சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்தாள்.

"நாலாம் பக்கம்" என்றேன். "படி."

படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் திரும்ப விடணும். ஷெரிஃப் ஆபீஸ் வாசல்ல."

"விடமாட்டேன்னு நினைக்கற."

"ஆமா."

அவள் மறுக்கவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

மணி அடித்தது. பையை இழுத்துக்கொண்டு வந்த ஐவி கதவருகே நின்றுவிட்டாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, உன் முடி எங்க?"

ஷெல்பி சிரிக்கப் பார்த்து முடியாமல் மண்டியிட்டாள்.

வாகன நிறுத்தத்தில் ஐவியின் பையை நானே அவள் காரில் வைத்தேன். கார் மெதுவாக நகர்ந்து பள்ளிச் சாலையின் முனையில் நின்றது. இடது பக்கம் போனால் ஷெல்பியின் அக்கா வீடு. வலது பக்கம் போனால் மேற்கே போகும் நெடுஞ்சாலை. எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டும் விளக்கு எதுவும் மின்னவில்லை. குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை, ஆனாலும் கார் நின்றபடியே இருந்தது. கையில் உத்தரவோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்திரையின் மேடு என் விரலுக்கடியில் இருந்தது.

பிறகு இடது விளக்கு மின்னத் தொடங்கியது.